நின்றபடி பட்ட மரம்

புரட்டாசி 1, செவ்வாய்

இன்று காலை என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார் என்பதால் வந்ததைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கோயில் கமிட்டித் தலைவர் ராக்கியண்ணன்.

“உள்ள வாங்ணா, காப்பி வெக்கறன்.”

“இருக்கட்டும் திருமூர்த்தி. ஒரு சமாச்சாரம் சொல்லீட்டுப் போயர்றன். இந்த வருசம் வில்ல இருவதாந்தேதி ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கொண்டாந்து பத்து இழுப்பு இழுத்துக் காட்டிப்போடோணும். தாங்குச்சுன்னா சாமி எப்பவும் போல உன்ற வாசலுக்கு வரும். இல்லீன்னா கோயமுத்தூர்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில வெல கேட்டு வெச்சிருக்கறம். அப்பறம் சாமி இந்த வீதிக்கு வராது. நேரா பைபாசு.”

“கடை வில்லா? வேட்டக்காரசாமி என்ன ஒலிம்பிக்குக்கா போகுது?”

அவர் சிரிக்கவில்லை. கம்பளிப்பூச்சியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். எங்கள் கரட்டுப்புதூர் வேட்டைக்காரசாமி விஜயதசமியன்று வேட்டைக்குப் புறப்படும். எட்டுத் திக்குக்கும் எட்டு அம்பு, வானத்துக்கு ஒன்று. சாமிக்காக அம்பு போடுவது பூசாரி ஆறுச்சாமி. வில் கொடுப்பது எங்கள் வீட்டு முறை. வருடா வருடம் புது வில்; அன்று சாயந்திரமே அது தீயில் போய்விடும். அந்த வில்லுக்கு உயிர் மரத்தை வெட்டக் கூடாது. காற்றில் விழுந்ததும் ஆகாது. நின்றபடியே பட்டுப்போன மரம்தான் வேண்டும். வேட்டைக்குப் போகிற வழியில் வீணாக ஒரு கொலை எதற்கு என்று எவனோ இரக்கப்பட்டிருக்கிறான். ஆக, என் பரம்பரை உத்தியோகம் செத்த மரம் பார்ப்பது. பெண் பார்க்கப் போன பதினாலு வீட்டிலும் இதை மட்டும் நாங்கள் சொன்னதில்லை. அப்படியும் அமையவில்லை.

ஊர்வலம் என் வாசலில் நின்று, வில்லை வாங்கி, காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி, முக்கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். வருடத்தில் என் வீட்டுக்குள் மனிதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற முக்கால் மணி நேரம் அது ஒன்றுதான். அதைத்தான் பைபாசுக்குத் திருப்பப் பார்க்கிறார்கள்.

போன வருடம் ஐந்தாவது அம்பில் வில் உடைந்துவிட்டது. ஆறுச்சாமியின் புருவத்தில் மூன்று தையல். மரத்துக்கு ஏதோ கெட்ட நேரம்.

புரட்டாசி 3, வியாழன்

கடையைப் பத்து மணிக்கே சாத்திவிட்டு மரம் பார்க்கப் போனேன். சாத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. முன்பெல்லாம் என் ஜெராக்ஸ் கடையில் நாலு பெஞ்சு போட்டாலும் உட்கார இடம் போதாது. வி.ஏ.ஓ. ஆபீசுக்கு எதிர்த்த கடை. ஊரின் பட்டா, வாரிசுச் சான்று, விவாகரத்து நோட்டீஸ் எல்லாம் என் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்தவை. எல்லார் கதையும் எனக்குத் தெரியும். இப்போது சொல்லத்தான் ஆளில்லை; அதனால்தான் உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரி.

இரண்டு வருடமாக மழை பொய்த்ததில் பட்ட மரத்துக்குக் குறைவில்லை. ஆனால் பட்டதெல்லாம் வில்லாகாது. முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டை உதிர்ந்து, உடம்பு வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாக நிற்கிற மரம் யோக்கியன். பட்டை ஒட்டியபடியே நிற்பவன் உள்ளே ஈரத்தைப் பதுக்கி வைத்திருப்பான், தோண்டினால் புழு.

அடுத்தது, கோடாலியின் பின்புறத்தால் ஒரு தட்டு. ‘ணங்’ என்றால் உள்ளே ஆள் இருக்கிறார். ‘தொப்’ என்றால் காலி செய்துவிட்டார்.

குளத்தங்கரை வெள்வேலம்: தொப். அடியில் மாவு கொட்டிக் கிடந்தது, ரேஷன் கடை மூட்டை கிழிந்ததுபோல். ரோட்டோரப் புளி: ணங். ஆனால் இடுப்புயரத்தில் வெள்ளையாகக் காளான் அடுக்கு. காளான் வெளியே வந்துவிட்டது என்றால் உள்ளே குடும்பமே இருக்கும். தள்ளுபடி.

வழியில் மூன்று பேர் எதிர்ப்பட்டார்கள். இருவர் போனில் இருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்த பிறகு போனை எடுத்தார்.

புரட்டாசி 5, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. ஒரு டம்ளர் அரிசியில் பொங்கல் வைத்தேன். அதிகம்.

புரட்டாசி 6, ஞாயிறு

ஆறுச்சாமி கூட வந்தான். ஊரில் என்னோடு இன்னும் முழு வாக்கியம் பேசுகிறவன் அவன்தான். புருவத்தில் தையல் போட்ட இடத்தில் மயிர் முளைக்கவில்லை. பாதி அழித்த ஆச்சரியக்குறி மாதிரி இருக்கிறது. அந்த வடுவைத் தொட்டுக் காட்டி, “சினிமாவுல வில்லன் வேசம் குடுப்பாங்களான்னு எம்பட பொண்டாட்டி கேக்கறாங்ணா,” என்றான்.

“உனக்கா? வில்லனுக்குப் பை தூக்கற வேசம் வேணா கெடைக்கும்.”

கரட்டடியில் ஒரு இலந்தை. நல்ல காய்ச்சல், நல்ல சத்தம். ஆறுச்சாமி கோடாலியைத் தூக்கிவிட்டான்.

“பொறு. வெடிப்பப் பாரு.”

காய்கிற மரம் வெடிக்கும். அந்த வெடிப்பு நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போக வேண்டும். இந்த இலந்தையில் அது அடியில் கிழக்கே ஆரம்பித்து, மரத்தைச் சுற்றி, உச்சியில் மேற்கே போய் முடிந்தது. அப்படியென்றால் உள்ளே நார் முறுக்கு. வில்லாக்கினால் நாண் பூட்டின அன்றே திருகிக்கொள்ளும்.

“மனுசனுக்கும் இப்படி வெளிய வெடிச்சுக் காட்டீட்டா தேவலைங்ணா,” என்றான்.

“காட்டுனா உன்ற பொண்டாட்டி உன்னக் கட்டியிருப்பாளா?”

குலுங்கிச் சிரித்தான். ஒரு ஆளைச் சிரிக்கவைத்து எவ்வளவு நாளாயிற்று. திரும்பும்போது, ஏதோ ஞாபகம் வந்தவன்போல, “ஏனுங்ணா, உங்க தங்கச்சி தோட்டத்து வேலியில ஒரு சடச்சி ரண்டு வருசமா நின்னபடிக்கே காஞ்சுபோய் நிக்குது. அதப் பாத்தா என்னுங்?” என்றான்.

சடச்சி என்றால் வில்லுக்கென்றே பிறந்த மரம். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். எனக்கு அந்த மரத்தைத் தெரியும். போன வருடமும் தெரியும்.

“அங்கெல்லாம் வேண்டாம்,” என்றேன்.

புரட்டாசி 8, செவ்வாய்

மேலும் நாலு மரம். நாலும் தொப்.

தங்கை வசந்தாமணி தோட்டம் என் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. மூன்று வருடமாக அந்த ரோட்டில் போகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மைக் பிரச்சினை.

புரட்டாசி 10, வியாழன்

வேறு வழியில்லாமல் போனேன். மத்தியானம் ஒரு மணிக்கு, அவள் சோறுண்ணப் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டு. என் கணக்குதானே, எருமையைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாகவே நின்றிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பேச்சு வார்த்தை அறுந்துபோன சொந்தக்காரர்கள் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும்: குழந்தை, நாய், சுவர். இன்று எருமை.

“வந்தவங்க எதுக்கு வந்தாங்கன்னு கேளு,” என்றாள் எருமையிடம்.

நானும் எருமையைப் பார்த்து, “சாமி வில்லுக்கு மரம் பாக்க வந்தன்னு சொல்லு,” என்றேன்.

“போன வருசம் பூசாரி கண்ணப் பேத்தது பத்தலையாமா?”

“கண்ணில்ல, புருவம்.”

“ஓ, கணக்குல கொறச்சலில்ல. கணக்கும் வாயும் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்.” கயிற்றைச் சுண்டினாள். எருமை பாவம், தான் என்ன செய்தோம் என்று என்னைப் பார்த்தது. “சாமி காரியம். நான் குறுக்க நிக்கமாட்டன். வெட்டீட்டுப் போகச் சொல்லு. காப்பித் தண்ணியெல்லாம் இங்க கெடைக்காதுன்னும் சொல்லு.”

தலையில் நரை கூடியிருக்கிறது. இதை எருமையிடம் சொல்லவில்லை.

மரம் பிரமாதம். பட்டை முழுக்க உதிர்ந்த உடம்பு. வெடிப்பு நேர்கோடு. தட்டினால் கோயில் மணி. கடைசிச் சோதனையாக ஒரு கிளையை ஒடித்து, விரல் கனத்தில் ஒரு சிலாம்பு பிளந்து வளைத்துப் பார்த்தேன். நல்ல கட்டை சட்டென்று ஒடியாது. தேங்காய் நார்போல் நீளநீளமாகப் பிரிந்து, மனசில்லாமல் ஒடியும். கெட்டது பிஸ்கட் மாதிரி ‘டப்’. இந்தக் கிளை நாராகப் பிரிந்தது.

அடிமரத்திலும் ஒரு சிலாம்பு எடுத்துப் பார்ப்பதுதான் முறை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கிளை போதும் என்று கிளம்பிவிட்டேன்.

புரட்டாசி 11, வெள்ளி

ஆறுச்சாமி மரத்தைச் சாய்த்து, ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு போட்டு, மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்தான். நான் போகவில்லை. கடையில் வேலை இருந்தது. (ஒரு ஆதார் கார்டு. இரண்டு பக்கம்.)

புரட்டாசி 14, திங்கள்

மூன்று நாளாகச் செதுக்குகிற வாச்சியும் இழைக்கிற இழைப்புளியுமாக நானும் மரமும். பேச்சுத் துணைக்கு ரேடியோ. வில்லின் முதுகில் மரத்தின் ஒரே ஒரு வளையம் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓட வேண்டும். ஓரிடத்தில் வாச்சி கூடுதலாகப் பாய்ந்தாலும் அந்த இடத்தில்தான் பின்னால் உடையும். நல்ல தேன் நிறம். பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டி, “என்ன சத்தம்?” என்றார். “வில்லுங்க,” என்றேன். “சரி,” என்று இறங்கிவிட்டார். இந்த வாரத்தின் நீளமான உரையாடல்.

புரட்டாசி 16, புதன்

வில்லின் வயிற்றுப்பக்கம் (இழுப்பவன் முகத்தைப் பார்க்கிற பக்கம்) இழைக்கும்போது ஒரு கருங்கோடு தெரிந்தது. பேனாவால் கீறினதுபோல் மெல்லிசாக. கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே.

அழுக்காக இருக்கும்.

புரட்டாசி 17, வியாழன்

அழுக்கில்லை. இன்னும் இழைத்தால் கோடு வளைந்து வளைந்து ஓடுகிறது. அதற்கு அந்தப்புறம் கட்டை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதிகிறது. அடிமரத்தில் மிச்சமான துண்டில் ஒரு சிலாம்பு எடுத்து வளைத்தேன்.

டப்.

மரத்தில் கிளை பிரிகிற கவட்டையில் ஓட்டை இருந்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் அதில் தேங்கி, மேல்கிளையை விட்டுவிட்டு அடிமரத்துக்குள் இறங்கியிருக்கிறது. மேலே காய்ந்த கிளையைப் பார்த்து அடிமரத்துக்குச் சான்றிதழ் கொடுத்தவன் நான். அந்த ஐந்து நிமிடம் நின்று பார்த்திருக்கலாம்.

இன்னும் மூன்று நாள்தான். வேறு மரம் இல்லை.

புரட்டாசி 18, வெள்ளி

உட்கார்ந்து யோசித்தேன். பத்து இழுப்புக்குத் தாங்கும். அப்புறம் ஒன்பது அம்பு. தாங்கலாம். தாங்காமலும் போகலாம். போன வருடமும் இப்படித்தான் யோசித்தேன்.

எழுதிவிட்டேன். எழுதினதை அடிக்கக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். ஆகவே மிச்சத்தையும் எழுதுகிறேன். போன வருடம் வில்லை வளைக்கும்போதே உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மரத்தூளில் கோந்தைக் குழைத்து, விரிசலில் அப்பி, மேலே மஞ்சளைப் பூசிக் கொடுத்தேன். சாமிக்கு மஞ்சள் பூசினால் யார் சந்தேகப்படுவார்கள்? ஊர்வலம் வந்தது. நாற்பது பேர் காப்பி குடித்தார்கள். நான் சொன்ன கோழித்திருட்டுக் கதைக்கு ராக்கியண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அரைமணி கழித்து ஆறுச்சாமி முகத்தில் ரத்தம்.

இந்த வருடமும் மஞ்சள் வீட்டில் இருக்கிறது.

புரட்டாசி 20, ஞாயிறு

கோயில் முன்னால் பத்துப் பேர் என்றார்கள், ஊரே இருந்தது. வில் மஞ்சளில் குளித்து மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“பூசாரி, ஹெல்மெட்டுப் போட்டுக்கொ!” என்றான் ஒருவன்.

“ஆம்புலன்சு சொல்லியாச்சா?” என்றான் இன்னொருவன்.

ஆறுச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் கூட்டம் எண்ணியது. நான் வில்லைப் பார்க்கவில்லை. அவன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டி மூன்று வருடமாகிறது. ராக்கியண்ணன் என் தோளில் கை போட்டு, “தப்பா நெனைக்காத திருமூர்த்தி. சாமி உன்ற வாசலுக்கு வரும். காப்பி ஸ்ட்ராங்கா இருக்கோணும்,” என்றார்.

“கமிட்டிக்கு மட்டும் சுக்குக் காப்பி. பேச்சு கொறையும்,” என்றேன். சிரித்தார்கள். அத்தனை பேரும்.

புரட்டாசி 22, செவ்வாய்

சுண்ணாம்பு அடித்தேன். நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன். பால்காரரிடம் சனிக்கிழமைக்கு ஆறு லிட்டர் என்றபோது, “ஆருக்குங்?” என்றார். “ஒறம்பரைக்கு,” என்றேன். விருந்தாளி என்கிற அந்த வார்த்தையை வாயால் சொன்னதே சுகமாக இருந்தது.

புரட்டாசி 23, புதன்

மைக் பிரச்சினை என்று எழுதியிருந்தேன் அல்லவா? மைக்கில் கோளாறு ஒன்றுமில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் வசந்தாமணி மகள் இளமதிக்கு இடம் வந்தது. ஜாதகத்தில் செவ்வாய் ஏழில். தங்கை அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, “ஏதாச்சும் பண்ணுண்ணா,” என்று அழுதாள். ஒயிட்னரை எடுத்துச் செவ்வாயை ஒரு கட்டம் தள்ளி ஆறில் உட்காரவைத்து, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். அசல் மாதிரியே இருந்தது. நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று மைக்கைக் கொடுத்தார்கள். முந்நூறு பேர். முதல் இரண்டு ஜோக்குக்கு நன்றாகச் சிரித்தார்கள். மூன்றாவதாக, “நம்ம கடையில ஜாதகம் ஜெராக்ஸ் எடுத்தா செவ்வாய் கூட எடத்தக் காலி பண்ணீரும்,” என்றேன்.

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் இருபத்திரண்டு பேர் சிரிக்கவில்லை. கால் மணி நேரத்தில் வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம்.

வாய் தவறி வந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். தங்கையிடமும்.

புரட்டாசி 25, வெள்ளி

ஆயுத பூஜை. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி போட்டேன். பொரி தின்ன ஆறுச்சாமி வந்தான். புது வேட்டி. பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, “நாளைக்கு எம்பட பொண்டாட்டி பயப்படறாங்ணா,” என்றான். “நாஞ் சொன்னன், அண்ணன் பாத்துக் குடுத்த வில்லு, கண்ண மூடீட்டு இழுப்பன்னு.”

“ஆறு, அந்த வில்லு ஆகாது.”

சிரித்தான்.

“உள்ளார கருங்கோடு ஓடியிருக்குது. மஞ்சள அப்பி மறைச்சிருக்கறன்.”

இன்னும் சிரித்தபடிதான் இருந்தான். “அப்பறமுங்?” என்றான். ஜோக்கின் கடைசி வரிக்குக் காத்திருந்தான். நான் எது சொன்னாலும் ஊர் அப்படித்தான் காத்திருக்கும். பழக்கினவன் நான்.

“அப்பறம் ஒன்னுமில்ல. அவ்வளவுதான்.”

காலாட்டுவது நின்றது. “போன வருசம்?”

“போன வருசமும் தெரியும்.”

பொரியைப் பெஞ்சில் வைத்தான். “ஊரே உங்களக் குத்தஞ் சொன்னப்ப நாந்தானுங் உங்களுக்காகப் பேசுனன். தெரிஞ்சிருந்தா அண்ணன் குடுப்பாரான்னு கமிட்டில சண்ட போட்டன். கால் இஞ்சு தள்ளியிருந்தா கண்ணு போயிருக்குமுன்னு டாக்டர் சொன்னாருங்ணா.” எழுந்தான். படியிறங்கி, திரும்பாமல், “ராக்கியண்ணங்கிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. நாஞ் சொன்னா உங்களத் திட்டற மாதிரி ஆயிரும்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

போய்ச் சொன்னேன். ராக்கியண்ணன் திட்டவே இல்லை. கோயமுத்தூருக்குப் போன் போட்டார். “பைபாசு,” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, வில்லின் நாணை நானே இழுத்தேன். ஏற்கெனவே பத்து. பதினொன்று. பன்னிரண்டு. வில் அழகாக வளைந்தது. பதிமூன்றில் எனக்கே ஆசை வந்துவிட்டது: ஒருவேளை நல்ல வில்லோ, அவசரப்பட்டு உளறிவிட்டேனோ? பதினாலு. பதினைந்து. பதினாறு. பதினேழாவது இழுப்பில் டப்.

ஏழாவது அம்பாக இருந்திருக்கும். மணிக்கட்டில் தோல் வழன்றுவிட்டது. ஆள் இல்லாத வீட்டில் ‘ஆ’ என்று கத்தினால் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது.

புரட்டாசி 26, சனி, விஜயதசமி

பத்தரைக்கு மேளம் கேட்டது. பைபாசுப் பக்கம். சத்தம் கிட்டத்தில் வரும், இதோ திரும்பும் என்று காது தானாகவே கணக்குப் போட்டது, திரும்பவில்லை. தெற்கே போய்த் தேய்ந்தது. பால்காரர் ஆறு லிட்டரைக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்படித்த சுவரையும் நாற்காலிகளையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருக்கலாம்.

புது வில் நீல நிறமாம்; ஒன்பது அம்பும் சுத்தமாகப் போயினவாம். பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டிச் சொன்னார். ஆறுச்சாமிக்கு ஒரு கீறல்கூட இல்லையாம்.

மூன்று மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தேன். எல்லாரும் கோயிலில். அவள் மட்டும் களத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்தாள்; நடுவில் நிறுத்த ஒரு கோழிகூட இல்லை.

“அம்மிணி,” என்றேன். “அன்னைக்கு வாய் தவறல. அந்த ஜோக்கச் சொன்னா என்ன ஆகுமுன்னு மைக்கப் புடிச்சப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னன். கூட்டம் சிரிச்சுட்டிருந்துச்சு. நிறுத்த மனசு வல்ல.”

சோளத்தைக் காலால் பரத்திக்கொண்டே இருந்தாள். களத்தின் அந்த முனைவரை போய்த் திரும்பினாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணா,” என்றாள். “உன்ற மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தன். சொல்றதுக்கு முந்தியே நீ சிரிச்ச.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஜாதகத்த மாத்தச் சொன்னவ நான். அதனால எனக்கு உன்னக் கேக்க வாயில்ல. ஆனா இளமதிக்குத் தெரியாது. மாமா அறியாம ஒளறீட்டாருன்னுதான் இன்னும் நெனச்சுட்டிருக்கறா. மூணு வருசமா ஆபீசுல எவன் சிரிச்சாலும் தன்னப் பாத்துத்தான்னு நெனைக்கறா. எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? அவகிட்டச் சொல்லு.”

“எப்ப வர்றா?”

“திருப்பூர் பஸ்சு அஞ்சேகாலுக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

நாலரைக்கே ஸ்டாப்பில் போய் நின்றேன். திருவிழாக் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் நின்று, “என்னுங், பஸ்சுக்கா?” என்றார்கள். மேடைக்கு ஏறும் முன்னால் எனக்கு முதல் வரி எப்போதும் தானாகவே வந்துவிடும். எந்தக் கூட்டமானாலும் வரும். சாவு வீட்டில்கூட வந்து, அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். இன்று முக்கால் மணி நேரம் நின்றும் வரவில்லை.

பஸ் வந்தது. கடைசியாக இறங்கினாள். கையில் ஒரு பை, காதில் போன் பாட்டு. மெலிந்திருக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ரோட்டைக் கடக்கத் திரும்பினாள்.

“இளமதி,” என்று கூப்பிட்டேன்.

அவள் நாலடி நடந்தாள். பிறகு, காதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டே, நின்றாள்.